பேய்த்தேர்

“அது மனுசன் இல்ல மாமா, ஜாம்பி. ஏத்தலாம்.”

ராஜபாளையத்தில் அக்கா வீட்டில், ஒரு பங்குனி மதியம் இதைக் கேட்டேன். சொன்னவன் அக்கா மகன், ஏழாம் வகுப்பு. உலாவியிலேயே ஓடுகிற சின்ன விளையாட்டு ஒன்றை ஆடிக்கொண்டிருந்தான். இறக்கிக்கொள்ள வேண்டாம், நிறுவ வேண்டாம். நான்கு அம்புக்குறிப் பொத்தான்கள் போதும். ஒரு கார், வெறிச்சோடிய ஒரு நெடுஞ்சாலை, எதிரே கைகளை நீட்டிக்கொண்டு தள்ளாடி வருகிற உருவங்கள். இடித்தால் புள்ளி. புள்ளி சேர்ந்தால் காருக்குப் புது டயர். ஒரு உருவம் முந்தானை பறக்க வருவதுபோல் இருந்தது. “ஏய், பொம்பளைடா!” என்று நான் பதறியதற்குத்தான் அந்தப் பதில்.

பிள்ளை நல்ல பிள்ளை. தெருவில் குட்டி போட்ட நாய்க்குச் சோறு கொண்டுபோய் வைக்கிறவன். அந்த உருவத்தின்மேல் அவனுக்குக் கோபம் ஏதுமில்லை. ஒரு பெயர் அவனுக்கு அனுமதி கொடுத்திருக்கிறது. அந்தப் பெயர் எங்கிருந்து கிளம்பி ராஜபாளையம் வந்து சேர்ந்தது என்று அன்றிரவே தேடத் தொடங்கினேன்.

தமிழுக்குள் நுழையும்போது இந்தச் சொல் முதலில் ஒலியில் இடறியது. அதன் முதலொலி நம்மிடம் இல்லை. ‘ஸோம்பி’ என்று எழுதியவர்கள் உண்டு. ‘ஸ’ கொஞ்சம் நழுவினால் அது ‘சோம்பி’ ஆகிவிடும். சோம்பிக் கிடப்பவன், வேலைக்கு வணங்காதவன் என்று நம் அகராதிகள் பொருள் சொல்லும் பழஞ்சொல் அது. கடைசியில் ‘ஜாம்பி’ நிலைத்தது. 2019இல் யோகிபாபு நடித்த படத்துக்கு அதையே தலைப்பாக வைத்தார்கள். இந்த ஒலிமயக்கத்தை நான் எளிதில் விட மாட்டேன். ஏனென்றால் இந்தச் சொல் வளர்ந்த மண்ணில் அதன் பொருள் சோம்பிக்கு நேர் எதிரானது: செத்த பிறகும் ஓய்வு கிடைக்காமல் உழைப்பவன்.

வேர் ஆப்பிரிக்காவின் மேற்குப் பக்கத்தில் இருக்கிறது. காங்கோ மொழியில் ‘ன்ஸாம்பி’ என்றால் கடவுள். ‘ஸும்பி’ என்றால் ஆற்றல் உறைகிற வழிபாட்டுப் பொருள். இரண்டில் எது தாய் என்று அறிஞர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். எதுவானாலும், புறப்பட்ட இடத்தில் அது வணங்கத்தக்க பெயர். அடிமைக் கப்பல்களில் ஏற்றப்பட்டவர்கள் கையில் எதையும் எடுத்துப்போக முடியவில்லை. சொற்களை மட்டும் எடுத்துப்போனார்கள். கரீபியன் கடலில் பிரெஞ்சுக்காரர்கள் கரும்பு பயிரிட்ட தீவுகளில் அந்தச் சொல் கரை இறங்கியது. அச்சில் அது முதன்முதலாக வந்தது 1697இல், குவாதலூப் தீவைக் களமாகக் கொண்ட ஒரு பிரெஞ்சுக் கதையில். அங்கே ஸோம்பி என்றால் கண்ணுக்குத் தெரியாத ஆவி மட்டுமே. பிணம் எழுந்து நடக்கவில்லை.

ஆங்கிலத்துக்கு அது வேறு வழியாகப் போனது. 1819இல் ராபர்ட் சௌதி எழுதிய பிரேசில் வரலாற்றில் அந்தச் சொல் வருகிறது. ஆங்கில அகராதிகள் காட்டும் மிகப் பழைய பதிவு அதுதான். அங்கே அது ஒரு தலைவனின் பெயர். தப்பியோடிய அடிமைகள் பல்மாரஸ் என்ற இடத்தில் காட்டுக்குள் தங்களுக்கென்று ஒரு குடியரசு கட்டி, போர்த்துக்கீசியப் படைகளை ஆண்டுக்கணக்காக எதிர்த்து நின்றார்கள். அவர்களுடைய கடைசித் தலைவன் ஸும்பி. 1695 நவம்பர் 20 அன்று அவனைப் பிடித்துக் கொன்றார்கள். பிரேசில் இன்றைக்கும் அந்த நாளைக் கறுப்பர் விழிப்புணர்வு நாளாகக் கொண்டாடுகிறது. அடிமையாக இருக்க மறுத்தவன் பெயரை ஒத்த சொல், அறிவில்லாத நடமாடும் உடம்புக்குப் பெயராக உலகமெங்கும் போயிருப்பதை நினைத்தால் மனம் ஆறவில்லை.

பொருள் மாறிய இடம் ஹெய்ட்டி. அப்போது அதற்கு சேன் டொமிங்கே என்று பெயர். அங்கே அடிமையாக உழைத்த ஆப்பிரிக்கர்களுக்கு ஒரே நம்பிக்கை மரணம். செத்தால் உயிர் கடல் கடந்து தாய்நிலம் போய்ச்சேரும், அங்கே மேஸ்திரி கிடையாது, சாட்டை கிடையாது. அந்த நம்பிக்கைக்கு நிழலாக ஓர் அச்சமும் வளர்ந்தது. மந்திரவாதி ஒருவன் செத்த உடம்பை எழுப்பி, அதன் உயிரைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, மறுபடி கரும்புத் தோட்டத்தில் இறக்கிவிட்டால்? சாவும் விடுதலை தராமல் போய்விட்டால்? ஸோம்பி என்பது அந்த அச்சத்தின் பெயர். ஹெய்ட்டியில் யாரும் ஸோம்பியைக் கண்டு அஞ்சியதில்லை. ஸோம்பியாக ஆகிவிடுவோமோ என்றுதான் அஞ்சினார்கள். 1791இல் கிளர்ந்து, 1804இல் விடுதலை பெற்ற பிறகும் அந்த அச்சம் கதைகளில் தங்கிவிட்டது.

அமெரிக்கப் படை ஹெய்ட்டியைப் பிடித்துவைத்திருந்த காலத்தில் அங்கே போன வில்லியம் சீப்ரூக் என்ற பயண எழுத்தாளர் 1929இல் ஒரு புத்தகம் போட்டார். கரும்பு வயலில் வேலை செய்யும் பிணங்களைப் பற்றி அதில் ஓர் இயல். 1932இல் ஹாலிவுட் அதன் தூண்டுதலில் ஒரு படம் எடுத்தது. 1968இல் ஜார்ஜ் ரொமேரோ எடுத்த ‘நைட் ஆஃப் த லிவிங் டெட்’ வந்தபோது, எழுந்து வரும் பிணங்கள் மனிதரைத் தின்ன ஆரம்பித்துவிட்டன. அந்தப் படத்தில் ஜாம்பி என்ற சொல்லே கிடையாது. ‘கூல்’ என்ற அரபு வழிச் சொல்லால்தான் அவற்றைக் குறிக்கிறார்கள். (நம் ‘கூளி’யும் பேய்தான், ஒலியும் நெருங்கி வருகிறது; ஆனால் உறவு கிடையாது.) ஜாம்பி என்ற பெயரைப் படம் பார்த்தவர்கள் ஒட்டவைத்தார்கள். அத்தோடு உழைப்பாளி மறைந்து, தின்னி வந்தாயிற்று. எவனுக்காக இரக்கப்பட்டார்களோ அவனைச் சுட்டுத்தள்ளலாம் என்றாயிற்று.

இதில் நமக்கு என்ன என்று கேட்கலாம். குவாதலூப் என்று மேலே சொன்னேனே, அந்தத் தீவில் 1848இல் அடிமைமுறை ஒழிந்தது. கரும்பு வெட்ட ஆள் இல்லை. 1854 முதல் அங்கே கப்பல் கப்பலாகக் கொண்டுபோனது இந்தியர்களை. அவர்களில் பெரும்பகுதி புதுச்சேரி, காரைக்கால் துறைகளில் ஏறிய நம்மவர்கள். ஒப்பந்தக் கூலி என்று பெயர். ஸோம்பி என்ற சொல் முதன்முதல் அச்சேறிய அதே தீவில், அதே பயிரில், அவர்கள் வெட்டுக்கத்தி பிடித்தார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகளிடம் தமிழ் போய்விட்டது. மாரியம்மனும் மதுரைவீரனும் பெயர் திரிந்து இன்னும் அங்கே இருக்கிறார்கள், பூசை நடக்கிறது. ஸோம்பி வேறு யாருடைய கதையோ என்று என்னால் ஒதுக்க முடியாததற்கு இந்தக் கப்பல்களும் ஒரு காரணம்.

இன்னொரு காரணம் ராஜபாளையத்திலேயே இருக்கிறது. இது பஞ்சாலை ஊர். 1936இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா தொடங்கிய ராஜபாளையம் மில்ஸ் முதற்கொண்டு, சங்குச் சத்தத்துக்கு எழுந்து உறங்கிய தலைமுறைகள் இங்கே உண்டு. என் சின்ன வயதில் பக்கத்து வீட்டு அண்ணன் ஒருவர் ஆலையில் ‘முழு நைட்’ பார்த்துவிட்டு விடிந்து வருவார். தலைமுடியிலும் புருவத்திலும் பஞ்சு படிந்திருக்கும். சைக்கிளைச் சுவரில் சாத்தக்கூடத் தெம்பிருக்காது. அப்படியே விட்டுவிட்டு வாசற்படியில் உட்கார்ந்துவிடுவார். கூப்பிட்டால் கண் திரும்பும், பார்வை திரும்பாது. அவருடைய அம்மா தண்ணீர்ச் செம்போடு வந்து, “நடைப்பிணமா வந்து நிக்கிறானே” என்பாள்.

நடைப்பிணம். நடக்கிற பிணம். ஹெய்ட்டிக்காரர் சொல்லுக்கு இதைவிட நெருங்கிய மொழிபெயர்ப்பு எந்த மொழியிலும் இருக்குமா என்று எனக்குச் சந்தேகம்தான். உயிர் இருந்தும் உயிர்ப்பு உறிஞ்சப்பட்டவனை, நம் தாய்மார்கள் மந்திரவாதி கதை எதுவும் கேட்காமலே, அந்தச் சொல்லால் அழைத்தார்கள். அந்தச் சொல்லில் வெறுப்பு கிடையாது. “நடைப்பிணம்” என்று சொன்ன வாய்தான் அடுத்த மூச்சில் “சாப்பிட்டுட்டுப் படுய்யா” என்றது.

பிறகு ஏன் விளையாட்டு அதை நடைப்பிணம் என்று அழைக்கவில்லை? அழைத்தால் இடிக்க முடியாது. இதற்கு நல்ல சான்று ஒன்று உண்டு. 1997இல் ‘கார்மகெடான்’ என்ற கார் விளையாட்டு வந்தது. சாலையில் போகிறவர்களை இடித்தால் புள்ளி. பிரிட்டனின் தணிக்கை வாரியம் சான்றிதழ் தர மறுத்தது. தயாரித்தவர்கள் என்ன செய்தார்கள்? நடந்து போகிறவர்களின் தோலைப் பச்சையாக்கி, இரத்தத்தைப் பச்சையாக்கி, ஜாம்பி என்று பெயர் வைத்தார்கள். சான்றிதழ் கிடைத்தது. ஜெர்மனியில் அவர்களையே எந்திர மனிதர்கள் ஆக்கினார்கள். சாலை அதே சாலை, கார் அதே கார், இடிக்கிற கையும் அதே கை. பின்னால் உலாவியில் பிளாஷ் மென்பொருளைக் கொண்டு செய்த நூற்றுக்கணக்கான சின்ன விளையாட்டுகள் இந்த வாய்ப்பாட்டை அப்படியே எடுத்துக்கொண்டன. 2020 முடிவோடு பிளாஷ் நின்றுபோனது. விளையாட்டுகள் வேறு நிரலுக்கு மாறிப் பிழைத்துக்கொண்டன. “மனுசன் இல்ல, ஜாம்பி. ஏத்தலாம்” என்று மருமகன் சொன்னது, அவன் பிறப்பதற்கு முன்பே ஒரு தணிக்கைக் குழுவின் மேசையில் முடிவான விஷயம்.

தமிழ்ப் பெயர் தேடியவர்களும் உண்டு. 2016இல் சக்தி சௌந்தர் ராஜன் இயக்கி, ஜெயம் ரவி நடித்த படத்துக்கு ‘மிருதன்’ என்று வைத்தார்கள். காதில் மிருகமும் மனிதனும் ஒருங்கே விழுகின்றன. இறந்ததைக் குறிக்கும் வடசொல் ‘மிருத’வும் விழுகிறது. அழகான ஆக்கம். ஆனால் படத்தைவிட்டு வெளியே வந்து தெருவில் புழங்கவில்லை. வேதாளம் இன்னும் பொருத்தமாக இருந்திருக்கும். விக்கிரமாதித்தன் தோளில் தொங்குவது பிணம், பேசுவது அதற்குள் புகுந்த ஆவி. ஆனால் வேதாளம் கதை சொல்லும், புதிர் போடும், தப்பாமல் முருங்கைமரம் ஏறும். அவ்வளவு புத்தியுள்ள ஒன்றின்மேல் யாருக்குக் காரை ஏற்ற மனம் வரும்?

பேய் என்ற சொல்லையே எடுத்துக்கொண்டால், அதன் அகலம் வியப்பானது. ‘பேம்’ என்பதற்கு அச்சம் என்று தொல்காப்பியம் பொருள் சொல்கிறது. பேய் அதன் இனம். கலிங்கத்துப்பரணியில் வரும் பேய்கள் பசியில் வற்றி உலர்ந்தவை, போர் முடிந்த களத்தில் கூழ் அட்டுக் குடிப்பவை. அவற்றைப் பார்த்தால் பயத்தைவிடப் பரிவுதான் மிகுதியாக வருகிறது. ஆழ்வார் பன்னிருவரில் மயிலையில் பிறந்த ஒருவருக்குப் பேயாழ்வார் என்றே பெயர். அங்கே பேய் என்றால் இறைவன்மேல் கொண்ட பித்து. பேய்மழை, பேய்க்காற்று என்னும்போது அளவு மிஞ்சியது. பேய்ச்சுரை, பேய்ப்பீர்க்கு, பேய்க்கொம்மட்டி என்று செடிகொடிகளுக்கு வரும்போது இன்னொரு பொருள்: பார்வைக்குச் சுரை, வாயில் வைத்தால் கசப்பு. அசலைப் போலவே இருக்கும், அசலாகாது.

இந்தக் கடைசிப் பொருளில்தான் எனக்கு வேண்டிய சொல் கிடைத்தது: பேய்த்தேர்.

சங்கத் தொகைநூல்களின் பாலைப் பாட்டுகளில் வருகிற சொல் இது. கார் ஓட்டும் பேய்க்கதை என்றுதான் இன்று கேட்பவருக்குத் தோன்றும். உண்மையில் அது கானல்நீர். பொருள் தேடிப் போகிறவன் கடக்கும் வறண்ட வழியில், வெயில் அலையலையாக எழுந்து தூரத்தில் வெள்ளையாக ஏதோ ஓடுவதுபோல் தெரியுமே, அதைத் தேர் என்று கண்டார்கள். பேய்ச்சுரை எப்படிச் சுரை ஆகாதோ, அப்படித் தேர் ஆகாத தேர். ‘வெண்தேர்’ என்றும் சொன்னார்கள். அகநானூற்றுப் புலவர் ஒருவர் ஒரு படி மேலே போய், அந்தப் பேய்க்கு வடிவமும் கிடையாது, அந்தத் தேரை யாரும் செலுத்துவதும் கிடையாது என்று பொருள்படப் பாடியிருக்கிறார். சென்னைப் பல்கலைக்கழகம் 1924இலிருந்து 1936 வரை வெளியிட்ட பேரகராதியிலும் பேய்த்தேருக்குக் கானல் என்பதே பொருள்.

‘கானல்’ என்ற சொல்லும் அப்போது இந்தப் பொருளில் இல்லை. சங்கப் புலவனுக்குக் கானல் கடற்கரைச் சோலை. சிலப்பதிகாரத்தின் கானல்வரி அந்தச் சோலையில் பாடியது. குளிர்ந்த இடத்துக்கு இருந்த பெயர் பிற்காலத்தில் வெப்பத்துக்கும் பொய்நீருக்கும் போய்விட்டது. மலையாளத்தில் இன்றும் கானல்ஜலம். கன்னடத்தில் ‘பிசில்குதுரெ’, வெயில்குதிரை. நம்முடைய முன்னோர் தேரைப் பார்த்த இடத்தில் அவர்கள் குதிரையைப் பார்த்தார்கள். வடமொழிக்காரர்கள் தாகத்தில் ஏமாறும் மானைப் பார்த்து மிருகதிருஷ்ணா என்றார்கள். ராஜபாளையத்தில் ராஜாக்கள் வீட்டில் பேசும் தெலுங்கில் அது ‘எண்டமாவி’. எண்ட என்றால் வெயில். ஒரு வெயிலுக்கு எத்தனை கண்கள்!

தேர் என்ற சொல் இந்த வட்டாரத்தில் வெறும் வண்டியின் பெயராக நின்றுவிடாது. ஆடிப்பூரத்தன்று பக்கத்து ஊரான ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் தேர் ரதவீதி சுற்றுவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அவ்வளவு கனமுள்ள ஒன்று நகர்கிறது. இழுக்கிறவர்கள் எல்லாரும் அதற்கு முன்னால், சக்கரம் வரும் வழியிலேயே இருக்கிறார்கள். வடத்தைப் பிடிக்கிற கூட்டத்தைவிட நான் அதிகம் பார்ப்பது சக்கரத்தடியில் இருப்பவர்களை. கையில் ஆப்பு வடிவில் செதுக்கிய கட்டை. உருளும் சக்கரத்துக்கு ஒரு சாண் முன்னால் குனிந்து அதைச் செருகுவார்கள். மரம் முனகும். தேர் இழுபட்டுத் திரும்பும், அல்லது நிற்கும். கட்டையை உருவி எடுத்து, ஓடிப்போய் மறுபடி முன்னால் குனிவார்கள். சக்கரத்தின் மேலிருந்து கண்ணை எடுக்கவே மாட்டார்கள். அந்தக் கட்டைக்குப் பெயர் முட்டுக்கட்டை. ‘எல்லாத்துக்கும் முட்டுக்கட்டை போடாதே’ என்று நாம் வசவாக ஆக்கி வைத்திருக்கிறோமே, அதுதான். முன்னே நிற்பவன்மேல் தேர் ஏறாமல் காக்கிற கட்டை அது. வசவாக்கியது சரியில்லை என்றே எனக்குப் படுகிறது.

மருமகனிடம் இதையெல்லாம் ஒரே நாளில் சொல்லவில்லை. சொன்னால் ஓடிவிடுவான். பேய்த்தேரை மட்டும் சொன்னேன். “கேம் பேரு மாதிரியே இருக்கு மாமா” என்றான். அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை அவனைக் கூட்டிக்கொண்டு வில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறினேன். திருமங்கலத்துக்கும் கொல்லத்துக்கும் இடையே ஓடும் 744ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் சுமார் 12 கிலோமீட்டர். டிரைவருக்குப் பின்னால் முதல் சீட்டு கிடைத்தது.

ஊர் எல்லை தாண்டியதும் இடப்புறம் மலை நீலமாகத் தெரிந்தது. முன்னால் தார் ரோடு கொதித்தது. ரோட்டை ஒட்டிய காற்று சுட்டு, இலேசாகி விரிந்துவிடுகிறது. மேலே உள்ள காற்று அவ்வளவு சூடில்லை. வானத்திலிருந்து சாய்வாக இறங்கும் ஒளி அந்தச் சூட்டு அடுக்கில் நுழைந்ததும் வளைந்து மேலே திரும்பி, நம் கண்ணுக்கு வருகிறது. ரோட்டில் தண்ணீராகத் தெரிவது வானத்தின் ஒரு துண்டு. பக்கத்தில் போகப் போகத் தள்ளிக்கொண்டே போகும். அவன் அதை முன்னாலும் பார்த்திருக்கிறான். பெயரோடு பார்ப்பது அன்றுதான். “அந்தா, பேய்த்தேரு” என்று கம்பியைப் பிடித்து எழுந்து நின்றான்.

அந்த வெள்ளைக்குள் ஏதோ அசைந்தது. பத்துப் பதினைந்து உருவங்கள். உயரமாக நீண்டு, நெளிந்து, பிரிந்து சேர்ந்து, தள்ளாடி வருவதுபோல் இருந்தன. அவன் குரல் தாழ்ந்துவிட்டது.

“மாமா, கால் இல்ல.”

பேய்க்குக் கால் தரையில் பாவாது என்று அக்கா சொல்லிக் கேட்டிருப்பான். நான் பதில் சொல்லவில்லை. டிரைவர் ஹாரனை அடித்து, கியரைக் குறைத்தார். தண்ணீர் பின்வாங்கியது. உருவங்கள் குட்டையாகின. முதலில் மஞ்சள் நிறம் தெரிந்தது, அப்புறம் தோளில் பைகள், தலையில் ஈரத்துண்டு, ஒரு கிழவியின் கையில் வேப்பிலைக் கொத்து. வில்லிபுத்தூர் பெரிய மாரியம்மன் கோயில் பூக்குழிக்கு மஞ்சள் உடுத்தி நடந்து போகிறவர்கள். பஸ் இன்னும் மெதுவாகி அவர்களை ஒட்டிப் போனபோது, அவன் சன்னல் கம்பியில் முகத்தைப் பதித்துக் கீழே பார்த்தான். செருப்பில்லாத கால்கள். தார்ச்சூடு தாங்காமல் ரோட்டோர மண்ணுக்கு இறங்கி நடந்துகொண்டிருந்தார்கள்.